ஐந்து ரூபாயில் திரும்பி நிற்கும் சிங்கம்: அச்சுப்பிழையா, பட்டறை வேலையா?

செம்பூர்வாசி
மும்பைக் கோட்டைப் பகுதி நடைபாதையில் நாணயம் விற்கும் ஒருவரிடம் பழைய, கனமான ஐந்து ரூபாய் ஒன்றைப் பார்த்தேன். சிங்கப் பக்கம் வழக்கம்போல இருக்கிறது. மறுபக்கத்தில் பெரிய 5. அதன் மேலேயே சிங்கத் தூண் பள்ளமாக, இடம்வலம் மாறிப் பதிந்திருக்கிறது. அதன் ஓரத்து எழுத்துகளைக் கண்ணாடியில் காட்டினால்தான் படிக்க முடியும். ஆண்டுக்குக் கீழே மும்பைக்குரிய வைரக் குறியும் உண்டு. "ரிசர்வ் வங்கிக்கு எதிரில் இருக்கும் நாணயச்சாலையில் அடித்தது, பிராகேஜ் பிழை" என்று சொல்லி நாலாயிரம் ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

விளிம்பு
வேண்டாம். பிராகேஜ் எப்படி வருகிறது என்று பாருங்கள். காசின் இரு பக்க உருவங்களையும் இரண்டு எஃகு அச்சுகள் பதிக்கின்றன. அடித்த காசு வெளியே விழாமல் அவற்றில் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்து வரும் வெற்றுத் தகட்டின் ஒரு பக்கத்தில் அச்சு படாது, ஒட்டியிருக்கும் காசுதான் படும். அதனால் அப்படிப் பிறக்கும் காசுக்கு இரண்டு பக்கமும் சிங்கம்தான் இருக்கும். ஒன்று புடைப்பாக நேரே நிற்கும், மற்றொன்று பள்ளமாகத் திரும்பி நிற்கும். 5 வருவதற்கு வழியே கிடையாது, ஏனென்றால் அதைப் பதிக்கும் அச்சு ஒட்டிய காசுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

நீங்கள் பார்த்த காசில் 5 இருக்கிறது. அப்படியானால் அது முறையாக அடிக்கப்பட்டு, முழுமையான காசாக வெளியே வந்த பிறகு, இன்னொரு காசோடு சேர்த்து வைஸில் (பட்டறையில் பொருளை இரு தாடைகளுக்கிடையே இறுக்கும் பிடிகருவி) நெரிக்கப்பட்டிருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கோட்டைக்கடை
நான் இதே தொழிலில் இருப்பவன். இங்கே எதைக் காட்டினாலும் "சேதம்" என்று தள்ளிவிடும் பழக்கம் வளர்ந்துவிட்டது, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிராகேஜ் ஒன்றுதான் வழியா? நடுவில் தகடு வராமல் இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று மோதினால், ஒன்றின் உருவம் மற்றதில் பதியும். அதற்குப் பிறகு அடிக்கும் காசுகளிலெல்லாம் திரும்பிய உருவம் தெரியும், 5 என்ற எண்ணும் அப்படியே இருக்கும். காசைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்கிறீர்கள்?

விளிம்பு
நல்ல கேள்வி, இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

அச்சில் உருவங்கள் பள்ளமாக இருக்கும், வெற்றுப் பரப்புதான் மேடு. இரண்டு அச்சுகள் மோதினால் மேடும் மேடும்தான் தொடும். பள்ளத்தின் அடி எதையும் தொடாது. ஆகவே மோதல் தடம் காசின் வெற்றுப் பரப்பில், உருவத்தை ஒட்டி, மெல்லிய கோடாக விழும். 5 என்ற எண்ணின் தலைமேல் ஏறாது. ஏற முடியாது.

வைஸில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே முதலில் நசுங்குவது மிக உயர்ந்த இடம். எதிர்க்காசின் சிங்கம் இந்தக் காசின் 5 மீதுதான் முதலில் உட்காரும், அங்கேதான் ஆழமாகக் கடிக்கும். பக்கத்து வெற்றுப் பரப்பில் தடம் மங்கும் அல்லது அறவே இருக்காது.

செம்பூர்வாசி, முடிந்தால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துப் போங்கள். 5 இன் மேற்பரப்பிலேயே தடம் இருக்கிறதா, இல்லை அதைச் சுற்றித்தானா என்று மட்டும் பாருங்கள்.

பட்டறைத்தமிழன்
தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வேலையைக் கேட்டு வருபவர்கள் உண்டு, நான் செய்வதில்லை. காசைச் சிதைப்பதை 2011 நாணயச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் செய்முறை எளிது: இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வைஸில் முறுக்கினால் போதும். எதிர்ப்பக்கத்தை மறக்காதீர்கள். அந்தப் பக்கம் இரும்புத் தாடையில் நேரடியாகப் பட்டிருந்தால் சிங்கங்களின் முகமும் பிடரியும் தட்டையாகி, அந்த இடம் மட்டும் பளபளப்பாக இருக்கும். விவரமானவர்கள் தோலோ செப்புத் தகடோ கொடுத்து நெரிப்பார்கள். அப்போது சிங்கம் தப்பிவிடும்.

கோட்டைக்கடை
பட்டறை நண்பர் சொல்வதை ஏற்கிறேன். ஆனாலும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. அடித்து முடித்த காசு வெளியேறாமல் தங்கி, அதன்மேல் இன்னொரு காசும் சிக்கி, இரண்டும் சேர்ந்து மறுபடி அடி வாங்கினால்? அப்போது 5 இருக்கும், அதன்மேல் திரும்பிய சிங்கமும் இருக்கும். இது நாணயச்சாலைக்குள்ளேயே நடப்பது.

விளிம்பு
நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அச்சு இயந்திரம் பல டன் எடையோடு இறங்குகிறது, அந்த அடிக்குக் கீழே இருந்த 5 ஏறக்குறைய அழிந்தேபோகும். சிங்கப் பக்கத்தில் அச்சு மறுபடி பட்டிருப்பதால் அங்கே உருவம் கூர்மையாக இருக்கும், சற்று விலகியிருந்தால் இரட்டித்தும் தெரியும். இரண்டாம் அடியின்போது, காசு பரவாமல் சுற்றித் தடுக்கும் காலர் வளையத்துக்குள் அது சரியாக உட்காராவிட்டால் பக்கவாட்டில் பரவிவிடும். இந்த ரகம் 23 மில்லிமீட்டர் விட்டம், 9 கிராம். விட்டம் துளியும் மாறாமல், 5 முழுதாக நின்று, அதன் முகட்டில் மட்டும் தடம் இருந்தால் உங்கள் வாதம் நிற்காது.

காசைப் பார்த்து "விசித்திரமாக இருக்கிறதே" என்று நிற்காமல், எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று கேட்க வேண்டும். அந்த வரிசை நாணயச்சாலைக்குள் பொருந்தவில்லை என்றால் காசு வெளியேதான் அடிபட்டிருக்கிறது.

கோட்டைக்கடை
வரிசை என்கிறீர்கள், சரி. அப்படியானால் அதே நியாயத்தை எல்லாக் காசுக்கும் கொடுங்கள். போன மாதம் ஒரு பையன் எழுத்து பாதி காணாத ஸ்டீல் ஒரு ரூபாயை இங்கே காட்டினான். "தேய்ந்தது" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டார்கள். அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து பதியாது. அது அசல் பிழை. அவன் அதை மறுநாளே கடையில் கொடுத்துச் செலவழித்துவிட்டான்.

விளிம்பு
அந்தப் பையனுக்கு நடந்தது அநியாயம், இதில் உங்கள் பக்கம்தான் நான். அடைத்த அச்சில் வந்த காசில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பரப்பு ஒரே சீராக ஓடும், பக்கத்து எழுத்துகள் கூர்மை குறையாமல் நிற்கும், எடையும் குறையாது. தேய்ந்த காசில் உயரமான இடங்களெல்லாம் சேர்ந்தே மங்கும். அரத்தால் ராவியிருந்தால் இணைகோடுகள் தெரியும். புடைத்த கோட்டுக்கும் இதே நியாயம்தான். அச்சில் விரிசல் விழுந்தால் காசில் கோடு மேடாக வரும். கீறலோ உலோகத்தைத் தோண்டும், அது பள்ளமாகத்தான் இருக்கும்.

செம்பூர்வாசி
லென்ஸோடு போய் வந்தேன். 5 இன் வளைவின் முகட்டிலேயே சிங்கத்தின் மார்பு பதிந்திருக்கிறது. வெற்றுப் பரப்புக்கு இறங்கியதும் தடம் அறுந்துபோகிறது. காசைத் திருப்பினால் நடுச் சிங்கத்தின் மூக்கு இருக்க வேண்டிய இடம் தட்டையாக மின்னுகிறது. விளிம்பைச் சுற்றி ஓடும் பள்ளம் சாதாரண காசில் இருப்பதுபோலவே இருக்கிறது. வாங்கவில்லை. விற்பவர் "இணையத்தில் இதற்கு லட்சம் கொடுக்கிறார்கள்" என்றார்.

பட்டறைத்தமிழன்
நல்ல வேளை. பழைய காசு, நோட்டு விற்பனைக்குத் தங்கள் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. நம் ஆட்கள் எத்தனை பேர் இன்னும் பணம் கட்டுகிறார்கள் என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

கோட்டைக்கடை
அந்த ஐந்து ரூபாயைப் பற்றி இனி நான் வாதாடப் போவதில்லை. முகட்டில் தடம் என்றால் அது நெரித்ததுதான். ஆனால் இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓரம் பிறைபோல வெட்டுப்பட்ட காசுகளை, "எதிர்விளிம்பு மங்கவில்லை" என்ற ஒரே காரணத்தால் போலி என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியாது.

விளிம்பு
அந்தச் சோதனைக்குக் காரணம் இருக்கிறது. தகட்டின் ஓரத்தை உயர்த்த அதைக் குறுகலான பள்ளத்தில் உருட்டி நெருக்குகிறார்கள். ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தால் அதற்கு நேரெதிரே அழுத்தம் கிடைக்காது, விளிம்பு சரியாக எழாது. கத்தரிக்கோலோ அரமோ பிற்பாடு வெட்டிய காசில் இந்த மங்கல் வராது. மங்கியிருந்தால் அது வலுவான சாட்சி. மங்காவிட்டால் உடனே போலி என்று நானும் சொல்லமாட்டேன், சிறிய வெட்டுகளில் அது தெரியாமலும் போகலாம். அப்போது வெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்துகளைப் பார்க்க வேண்டும். அசலில் உலோகம் அந்தக் காலி இடத்தை நோக்கி வழிந்திருக்கும், எழுத்துகள் சற்றே இழுபட்டிருக்கும். பிற்பாடு வெட்டியதில் எழுத்து கத்தி பட்டதுபோல் பாதியில் நிற்கும்.

கோட்டைக்கடை
என்னிடம் அப்படி ஓர் இரண்டு ரூபாய் இருக்கிறது. எதிர்விளிம்பு நன்றாகவே எழுந்திருக்கிறது, ஆனால் வெட்டை ஒட்டிய எழுத்து இழுபட்டிருக்கிறது. இரவு படம் போடுகிறேன். இரண்டு அடையாளமும் எதிரெதிராக நிற்கும்போது எதை நம்புவீர்கள் என்று பார்க்கலாம்.

விளிம்பு
போடுங்கள். வெட்டின் சுவரைப் பக்கவாட்டில் வெளிச்சம் வைத்துத் தனியாக ஒரு படம் வேண்டும். எடையையும் சேர்த்து எழுதுங்கள்.