கியூ கையில் தங்கினால்

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொற்கள் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆடுகிற எவருக்கும் கியூ என்ற எழுத்தோடு ஒரு பழைய பகை இருக்கும். பையிலுள்ள 100 கட்டைகளில் அது ஒன்றே ஒன்றுதான். மதிப்பு 10 புள்ளி. கூடவே யூ வராவிட்டால் தொல்லை. ஆட்டம் முடியும்போது கையில் தங்கிவிட்டால் நம் கணக்கில் 10 கழியும், முதலில் கட்டைகளைத் தீர்த்தவருக்கு அதே 10 சேரும்.

எங்கள் குடியிருப்பில் ஞாயிறு மாலை ஆட்டத்துக்கு ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் வருவார். ஒரு நாள் அவருக்கு எதிரே உட்கார்ந்தது பத்தாம் வகுப்புப் பையன். பலகையில் படுக்கைவாட்டில் 'டாக்ஸி' கிடந்தது. அதன் கடைசி எழுத்தான ஐ-க்கு நேர் மேலே, எழுத்தை மும்மடங்காக்கும் கட்டம். பையன் அதில் கியூவை வைத்தான், வலப்பக்கம் இன்னொரு ஐ வைத்தான். கியூ, ஐ இரண்டும் சேர்ந்தால் 'சீ' என்று உச்சரிக்கும் சொல்; குறுக்கே 'சீ', நெடுக்கேயும் 'சீ'. முப்பதும் ஒன்றும் முப்பத்தொன்று, அது இரண்டு தடவை. இரண்டே கட்டைகளில் 62 புள்ளி!

பேராசிரியர் முகமும் "சீ" என்றுதான் சொன்னது. அகராதியைப் புரட்டினோம். சீன மரபு சொல்லும் உயிராற்றலாம், செல்லுபடியாகும் சொல்தான்.

"பொருள் தெரியுமா தம்பி?"

"தெரியாது சார். செல்லும் என்று தெரியும்."

நான் பையன் கட்சி. இந்த ஆட்டத்தில் பொருளை யார் கேட்கிறார்கள்? நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே, சொற்பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போய், 2015-இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு வந்தார். மனப்பாடம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ.

*

மேலே எழுதியவருக்கு: எனக்கென்னவோ பேராசிரியர் மீதுதான் இரக்கம். நான் நடுவராக இருந்த ஒரு போட்டியில், ஒரு பெண் கை நிறைய மெய்யெழுத்துகளை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார். எதிராளிக்கு உள்ளூரச் சிரிப்பு. திடீரென்று அந்தப் பெண் சி, டபிள்யூ, எம் என்று மூன்றை இறக்கினார். உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை! அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று எதிராளி உடனே கையைத் தூக்கினார். சொல் செல்லும் என்று நான் சொன்னதும் அவர் என்னையே சந்தேகமாகப் பார்த்தார். மலைச்சரிவில் கிண்ணம் போல் குடைந்திருக்கும் பள்ளத்துக்கு வேல்ஸ் நாட்டார் வைத்த பெயர் அது. 'கூம்' என்று உச்சரிக்க வேண்டும். அவர்கள் மொழியில் டபிள்யூ உயிரெழுத்து வேலையும் பார்க்கும். அதே ஊரின் நரம்பிசைக் கருவி 'க்ரூத்'. சி, ஆர், டபிள்யூ, டி, எச் என்று ஐந்து எழுத்து, அதிலும் உயிர் கிடையாது.

கை முழுக்க உயிரெழுத்தாகக் குவிகிறவர்களுக்கும் வழி உண்டு. இரண்டு ஏ சேர்ந்தால் ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்பு. ஏ-யும் ஐ-யும் சேர்ந்தால் மூன்று விரல் கொண்ட, தேவாங்கு மாதிரியான ஒரு தென்னமெரிக்கச் சோம்பேறி விலங்கு. ஓ-வும் ஈ-யும் ஃபாரோ தீவுப் பக்கத்துச் சூறைக்காற்று.

*

எங்கள் வீட்டில் சண்டையே, எந்தச் சொல் செல்லும் என்பதற்கு எந்தப் பட்டியலைப் பார்ப்பது என்பதில்தான். அமெரிக்காவில் இருக்கும் அண்ணியோடு காணொளி அழைப்பில் ஆடுவேன். நான் ஸெட், ஓ வைத்தேன். யாக் எருமைக்கும் பசுவுக்கும் பிறந்த கலப்பினம், நான் பார்க்கும் காலின்ஸ் அகராதியின் சொற்பட்டியலில் இருக்கிறது. "எங்கள் அமெரிக்கப் பட்டியலில் கிடையாது, எடு" என்றார் அண்ணி. அடுத்த சுற்றில் அவரே ஸெட், ஏ வைத்து, பீட்சாவின் சுருக்கம் என்றார். பீட்சாவை அப்படி யார் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் அது இரண்டு பட்டியலிலுமே செல்லும், வாயை மூடிக்கொண்டேன். நாள் முழுக்க உலகமே சொல்லும் 'ஓகே' அமெரிக்க ஸ்க்ராபிள் அகராதிக்குள் நுழைந்தது 2018-இல்தான் என்பது இன்னொரு வேடிக்கை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் கட்டையை எடுக்கும் முன்பே எந்தப் பட்டியல் என்று பேசி முடித்துவிடுங்கள். அண்ணி அந்த ஆட்டத்தின் கணக்கை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.