குழிவுளியைத் தீட்டும்போது ஒவ்வொரு முறையும் கோணம் மாறுவது ஏன்?

பூவரசங்கிண்ணம்:
வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் மரக்கடைசல் பழகி வருகிறேன். கிண்ணம் கடைவதற்கு அரை அங்குல ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) குழிவுளி ஒன்றை வைத்திருக்கிறேன். எட்டு அங்குல பெஞ்ச் கிரைண்டரில் வெள்ளைச் சாணைக்கல் மாட்டி, கிரைண்டருக்கு முன்னால் நீளும் கைக்குழாயின் பள்ளத்தில், உளியைப் பிடித்துக்கொள்ளும் ஜிக் என்ற சாதனத்தின் காலை ஊன்றித்தான் தீட்டுகிறேன். ஆனாலும் உளியின் சாய்முகம் (வெட்டுவிளிம்பை ஒட்டிச் சரிவாகத் தீட்டப்படும் பகுதி) ஒரே பரப்பாக அமையாமல், பட்டை தீட்டிய கல்லைப் போல இரண்டு மூன்று முகங்களாக உடைந்து நிற்கிறது. அந்தச் சாய்முகத்தைக் கட்டையின்மேல் படியவைத்து வெட்டத் தொடங்கினால், உளி சற்று நேரம் வழுக்கிவிட்டுத் திடீரென மரத்தைக் கவ்விக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் கோணத்தைச் சரிசெய்வதிலேயே உளியின் நீளம் கரைகிறது. ஜிக் இருந்தும் கோணம் ஏன் மாறுகிறது?

சாணைக்காரன்:
ஜிக் தானாகக் கோணத்தைத் தருவதில்லை ஐயா. ஜிக்கிலிருந்து உளிமுனை நீட்டிக்கொண்டிருக்கும் நீளம், கைக்குழாய் கல்லிலிருந்து விலகி நிற்கும் தூரம், ஜிக்கின் கால் சாய்ந்திருக்கும் அளவு ஆகிய மூன்றும் மாறாமல் இருந்தால்தான் கோணமும் மாறாது. இவற்றில் பெரும்பாலும் பிசகுவது முதலாவதுதான். என் அமைப்பில் கணக்கிட்டுப் பார்த்தபோது, நீட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் கோணம் ஏறக்குறைய ஒரு பாகை கூர்மையாகிவிடுகிறது. அளவுகோலைக் கண்ணருகே பிடித்து அளக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, மேசை விளிம்பிலிருந்து 44 மி.மீ. உள்ளே ஒரு மரத்துண்டைத் திருகி வையுங்கள். ஜிக்கை மேசை விளிம்பில் அணைத்து, உளிமுனை அந்தத் துண்டில் முட்டும்வரை தள்ளி, பிறகு திருகை இறுக்கினால் ஒவ்வொரு முறையும் அதே நீளம் கிடைக்கும். 44 என்ற எண்ணில் மந்திரம் ஏதுமில்லை. பலரும் அந்த அளவை வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் 50 வைத்தாலும் சரி, அதை மாற்றாதீர்கள்.

வாகைமரம்:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீங்கள் பயன்படுத்துவது தேயும் கல். 200 மி.மீ. விட்டமுள்ள கல் தேய்ந்து 180 ஆகும்போது, கைக்குழாயை அதே குறியில் வைத்திருந்தாலும் சாய்முகம் ஐந்தாறு பாகை மழுங்கலாகிவிடும். ஆகவே கைக்குழாயில் கோடு போட்டு வைப்பதைக் காட்டிலும், கல்லின் முகத்துக்கும் கைக்குழாயின் பள்ளத்துக்கும் இடையே வைத்துப் பார்க்க ஒரு பலகைத் துண்டை அளவாக வெட்டி வைத்துக்கொள்வது நல்லது. சிறு பிழை அப்போதும் இருக்கும், ஆனால் பெரும்பகுதி நீங்கிவிடும். சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு) சக்கரத்தில் உலோக வட்டின்மேல் மெல்லிய படிவு மட்டுமே இருப்பதால் விட்டம் மாறுவதில்லை, விலைதான் கையைக் கடிக்கும்.

தீட்டுவதற்கு முன் சாய்முகம் முழுவதும் கறுப்பு மார்க்கரைப் பூசி, கிரைண்டரை முடுக்காமல் கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வெட்டுவிளிம்பை ஒட்டி மட்டும் மை அழிந்தால் கைக்குழாயைக் கல்லை நோக்கி உள்ளே தள்ள வேண்டும். அடிப்பகுதியில் மட்டும் அழிந்தால் வெளியே இழுக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே கீற்றாக மை போனால் கிரைண்டரை முடுக்கலாம். இந்த அரை நிமிடச் சோதனையை நான் இன்றுவரை தவிர்ப்பதில்லை.

பழைய லேத்:
நான் ஜிக் இல்லாமல் கையாலேயே தீட்டுபவன். சாய்முகத்தின் அடியை முதலில் கல்லில் படியவைத்து, பின்கையை மெல்ல உயர்த்தி, வெட்டுவிளிம்பைத் தாண்டிப் பொறி சிதறும் கணத்தில் நிறுத்துவதுதான் முறை. ஆனால் கை பழகுவதற்குள் ஓர் உளி தீர்ந்துபோகும் என்பதால், நண்பருக்கு இப்போது இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜிக்கில் வைத்தாலும் உளியைக் கல்லின்மேல் அழுத்தாதீர்கள். அழுத்தினால் ஜிக்கின் கால் பள்ளத்திலிருந்து எழும்பும், எழும்பினால் அங்கேயே இன்னொரு முகம் விழும்.

பூவரசங்கிண்ணம்:
அனைவருக்கும் நன்றி. அளந்து பார்த்தபோது, கடந்த முறை 44 என்று நினைத்து 47 வைத்திருந்தது தெரிந்தது. மரத்துண்டைத் திருகிவிட்டு மை பூசித் தீட்டினேன். முதன்முறையாக ஒரே முகம் வந்திருக்கிறது. ஆனால் குழிவின் இரு பக்க ஓரங்களான சிறகுகளில், வலது சிறகு இடது சிறகைவிட நீண்டு சரிந்திருக்கிறது. இரு பக்கமும் ஒரே அளவாகத்தான் ஆட்டினேன்.

சாணைக்காரன்:
உளியின் குழிவு ஜிக்கினுள் நேர்மேலே பார்க்காமல் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். திருகை இறுக்கும்போது உளி கொஞ்சம் சுழலும், கவனியுங்கள். இரு சிறகுகளின்மேலும் ஒரு தட்டையான தகட்டைக் குறுக்கே வைத்து, அது ஜிக்கின் மேற்பரப்புக்கு இணையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு இறுக்குங்கள். நீண்ட சிறகை ஒரே நாளில் தேய்த்துச் சமன்செய்ய வேண்டாம். அடுத்த நான்கைந்து தீட்டலில் தானாகச் சரியாகிவிடும்.