இடுப்பு மூட்டு ஆர்த்ராஸ்கோப்பியில் காலை இழுக்கும் முறை: எங்கள் அனுபவங்கள்

எலும்பியல் அறுவை மருத்துவர்:

இடுப்பு மூட்டில் ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராவைச் செலுத்திச் செய்யும் அறுவை) செய்பவர் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே இழுவையைப் பற்றி யோசித்தாக வேண்டும். தொடையெலும்பின் தலை குழிக்குள் அவ்வளவு இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது. நியூயார்க்கில் மைக்கேல் பர்மன் என்ற மருத்துவர் 1931-இல் சடலங்களின் மூட்டுகளை ஆராய்ந்து எழுதியபோது, அந்தத் தலைக்கும் குழிக்கும் இடையில் ஓர் ஊசியைக்கூடச் செலுத்த முடியாது என்றே குறிப்பிட்டார். இன்று நாம் காலை இழுத்து 8 முதல் 10 மி.மீ. இடைவெளியை உண்டாக்கிக்கொண்டு உள்ளே செல்கிறோம். இடைவெளி போதாவிட்டால் கருவி குருத்தெலும்பைக் கீறும், லேப்ரத்தை (குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள குருத்தெலும்பு வளையத்தை) துளைக்கும். இழுவை மிகுந்தாலோ நேரம் நீண்டாலோ நரம்புகள் பாதிக்கப்படும்.

நான் பயின்ற முறையில், நோயாளியின் கவட்டையில் பஞ்சு சுற்றிய போஸ்ட் (செங்குத்தான தூண்) ஒன்றை நிறுத்தி, அதற்கு எதிராகக் காலை இழுப்போம். என்னிடம் வந்த முப்பது வயதைக் கடந்த ஒருவருக்கு லேப்ரம் கிழிந்திருந்தது. தைத்து முடிக்க இழுவை ஒரு மணி ஐம்பது நிமிடம் நீடித்தது. வழக்கமான வரம்பான இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டோம் என்ற நிறைவோடு, சிக்கல் எதுவும் இல்லை என்று அறிக்கையிலும் எழுதினேன். மூன்றாவது வாரம் பரிசோதனைக்கு வந்தவர், மனைவி மருந்து வாங்க வெளியே சென்ற பிறகுதான், பிறப்புறுப்பில் உணர்வே இல்லை என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். போஸ்டுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, பிறப்புறுப்புக்கு உணர்வு தரும் புடெண்டல் நரம்பு நசுங்கியதன் விளைவு அது. ஏழு வாரங்களில் முழுவதும் சரியாகிவிட்டது; ஆனால் முதல் மூன்று வாரங்கள், அது நிரந்தரமோ என்ற அச்சத்தோடு அவர் தனியாக உறங்கியிருக்கிறார்.

அதன் பிறகு, முன்பு அறுவை செய்துகொண்டவர்களைத் தொலைபேசியில் அழைத்து நேரடியாகக் கேட்டேன். மேலும் இருவர் ஆம் என்றார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு ஒருவர், “நீங்கள் இடுப்பு வலியைப் பற்றி மட்டும்தானே கேட்டீர்கள், டாக்டர்” என்றார். எந்த முறையில் சிக்கல் குறைவு என்று ஒப்பிடுவதற்கு முன், நாம் கேட்டுத்தான் எண்ணுகிறோமா என்பதை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது பெரும்பாலும் போஸ்ட் இல்லாமலேயே செய்கிறேன். உராய்வு மிகுந்த நுரைமெத்தையில் நோயாளியைப் படுக்கவைத்து, தலைப்பக்கம் தாழும்படி மேசையைச் சாய்த்தால், காலை இழுக்கும்போது உடலின் எடையும் உராய்வும் சேர்ந்து அவரைக் கால்பக்கமாகச் சரியவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் கொலராடோவில் அறுவை மருத்துவர் ஓமர் மெய்-டான் குழுவினர் இம்முறையில் செய்த 1000 அறுவைகளை 2018-இல் வெளியிட்டார்கள். அவற்றில் புடெண்டல் நரம்பு பாதிப்போ கவட்டைத் தோல் காயமோ இல்லை. அதைப் படித்த பிறகுதான் எனக்கு மாற்றிக்கொள்ளத் துணிவு வந்தது.

அறுவை அரங்குச் செவிலியர்:

வணக்கம் ஐயா. நுரைமெத்தை வந்த புதிதில் எங்கள் அரங்கில் நடந்ததைப் பகிர்கிறேன். வழக்கம்போல மெத்தையின் மேல் துணி விரித்து நோயாளியைப் படுக்கவைத்தோம். இழுவை கொடுத்ததும் அவர் மேசையின் மேல் கால்பக்கமாகச் சரிந்து வந்தார், மூட்டு திறக்கவே இல்லை. முதுகுத் தோல் மெத்தையை நேராகத் தொட வேண்டும், இடையில் ஈரமும் துணியும் இருக்கவே கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டோம். இப்போது கிருமிநாசினி பூசும்போது அது முதுகின் அடியில் வழியாதபடி ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அக்குளுக்கு நேராக மெத்தையில் ஓர் அடையாளம் இட்டுவிடுவோம். உடல் நகர்ந்தால் அது உடனே தெரிந்துவிடும்.

போஸ்ட் வைக்க வேண்டிவந்தால், தடிமனான பஞ்சுச் சுற்றோடு, அதைக் கவட்டையின் நடுவில் நிறுத்தாமல் அறுவை நடக்கும் காலின் உள்தொடையை ஒட்டியே வைக்கிறோம். ஆண் நோயாளிகளுக்கு உறுப்பு அடியில் அகப்படவில்லை என்பதைத் துணி போர்த்துவதற்கு முன் கையால் தொட்டே உறுதி செய்ய வேண்டும். கூச்சத்தால் இந்த ஒரு நொடியைத் தவறவிட்ட இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிகிச்சை பெற்ற ஒருவர்:

எனக்குப் போஸ்ட் இல்லாத முறையில்தான் அறுவை நடந்தது. கண் விழித்தபோது கவட்டையில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் வலது பாதத்தின் மேற்புறம் பத்து நாட்கள் மரத்துப்போயிருந்தது. காலை இழுப்பதற்காகப் பாதத்தில் மாட்டும் இழுவைக் காலணி இறுகியதால் இப்படி ஆகலாம் என்று மருத்துவர் முந்தைய நாளே படம் வரைந்து விளக்கியிருந்ததால் நான் பயப்படவில்லை. மேலே அந்தச் சகோதரர் மூன்று வாரங்கள் பட்டதைப் படித்தபோது, முந்தைய நாள் எனக்குக் கிடைத்த அந்தப் பத்து நிமிடங்களின் மதிப்பு புரிந்தது.

எலும்பியல் அறுவை மருத்துவர்:

அம்மா, நீங்கள் எழுதியது மிக முக்கியமானது. போஸ்டை எடுத்துவிட்டால் கவட்டை தப்பிக்கும். பாதத்தையும் காலின் பெரிய நரம்புகளையும் பொறுத்தவரை, இழுக்கும் விசையும் நேரமும் அப்படியே இருக்கின்றன. ஆகவே முறையை மாற்றியதோடு நான் நின்றுவிடவில்லை. தசைகள் முழுவதும் தளர்ந்துவிட்டன என்று மயக்க மருந்து நிபுணர் சொன்ன பிறகே இழுவையைத் தொடங்குகிறேன். கொஞ்சம் இழுத்ததும் சி-ஆர்ம் (அறுவையின்போதே எக்ஸ்ரே படம் காட்டும் கருவி) பார்த்தபடி ஊசியைச் செலுத்தி மூட்டுக்குள் காற்றை விட்டால், உள்ளிருக்கும் உறிஞ்சு பிடி விட்டுப்போகிறது; அதே விசையில் இடைவெளி கண்ணெதிரே விரியும். தொடையெலும்புக் கழுத்தின் புடைப்பைச் செதுக்குவதற்கு இழுவையே தேவையில்லை என்பதால், லேப்ரம் வேலை முடிந்த நிமிடமே காலைத் தளர்த்திவிடுகிறோம். இழுவை தொடங்கிய நேரமும் தளர்த்திய நேரமும் பலகையில் எழுதப்படுகின்றன. ஒவ்வோர் இருபது நிமிடத்துக்கும் செவிலியர் நேரத்தை உரக்கச் சொல்கிறார்.

போஸ்டை முற்றிலும் ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. அது தொடையை வெளிப்புறமாகத் தள்ளுவதால் இழுவை தொடையெலும்புக் கழுத்தின் திசையை ஒட்டி அமைகிறது; அந்த உதவி நுரைமெத்தையில் கிடைப்பதில்லை. மிக மெலிந்த உடலில் உராய்வும் குறைவு. மூட்டு இறுகியிருந்து, சாய்வைக் கூட்டியும் உடல் சரிந்தால், போஸ்டை வைத்துக்கொண்டு நேரத்தைக் குறுக்குவதே நல்லது என்று முடிவெடுத்த நாட்கள் உண்டு.

மறுநாள் காலையில் பாதம், தொடை, கவட்டை, பிறப்புறுப்பு ஆகிய நான்கிலும் உணர்வு எப்படி இருக்கிறது என்று, உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டு, நானே கேட்கிறேன். கேள்வியை முதலில் நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், பதில் சொல்ல அவர்கள் தயங்குவதில்லை.