தொடரா, புத்தகமா, எதை முதலில் எடுப்பது?

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, நாவலிலிருந்து எடுத்த தொடர்களைப் பார்த்து, மூலத்தையும் படித்துப் பேசிக்கொள்கிறோம். முதல் சுற்றிலேயே சண்டை வந்துவிட்டது.

எடுத்துக்கொண்டது ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’, 1995-இல் பிபிசி ஒளிபரப்பிய ஆறு பாகத் தொடர். அதில் நாயகன் டார்சி குளத்தில் குதித்துவிட்டு, ஈரச் சட்டையோடு நடந்து வரும்போது நாயகி எலிசபெத் எதிரே வந்துவிடுவாள். இருவருக்கும் பேச்சு தடுமாறும். எனக்கு மிகவும் பிடித்த இடம். 1813-இல் வந்த நாவலைப் புரட்டினால் குளியலும் இல்லை, ஈரச் சட்டையும் இல்லை. திடீரென்று எதிர்ப்படுகிறார்கள், இருவர் முகமும் சிவக்கிறது, அவ்வளவுதான்.

“ஆசிரியர் எழுதாததை இவர்கள் எதற்குச் சேர்க்கிறார்கள்?” என்கிறாள் தோழி. அந்தச் சங்கடத்தைத் திரையில் வேறு எப்படிக் காட்டுவது என்பது என் கட்சி. (புத்தகம் படித்தவர்கள் கொஞ்சம் அலட்டத்தான் செய்கிறார்கள்.)

சரி, இப்போது உங்கள் உதவி வேண்டும். நீங்கள் முதலில் படிப்பீர்களா, பார்ப்பீர்களா? எங்களில் ஒருவர் எப்போதும் பாதியில்தான் இருப்பார். அவருக்கு முடிவை உடைக்காமல் எப்படிப் பேசுவது?

அப்புறம், அடுத்த சுற்றுக்கு ஒரு தொடர் சொல்லுங்கள். பத்து பாகத்துக்குள் முடிய வேண்டும், மூலக் கதையும் முடிந்திருக்க வேண்டும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ மட்டும் வேண்டாம். 2019-இல் தொடரே முடிந்தபோதும் நாவல் வரிசை ஐந்தாவது புத்தகத்திலேயே நின்றிருந்தது. துப்பறியும் கதை என்றால் இன்னும் நல்லது.