படத்தில் இருந்த புடவையை யாரும் நெய்யவே இல்லை

வெண்பூசணி:
மகளுக்கு வைகாசியில் வளைகாப்பு. பச்சையில் புடவை கேட்டாள். கடைக்கே போயிருக்கலாம். முழங்கால் வலி, மாடிப்படி, கூட்டம் என்று சாக்குச் சொல்லிவிட்டுப் போனில் தேடினேன். ஒரு கடையின் பக்கம் கண்ணில் பட்டது. கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை, கரை முழுக்க மயில். கட்டியிருந்த பெண் கோயில் மண்டபத் தூணில் சாய்ந்து நின்றாள், நம் தெருப் பெண் மாதிரி அவ்வளவு இயல்பாக. விலை 4,850 ரூபாய். அந்த விலைக்கு அசல் பட்டு வராது என்று எனக்கும் தெரியும். 'சாஃப்ட் சில்க்' என்று போட்டிருந்தார்கள். கலப்பாகவே இருந்தாலும் வேலைப்பாடு நன்றாக இருக்கிறதே என்று பணம் கட்டிவிட்டேன்.

வந்தது பச்சை பாலியஸ்டர். மயில் அதில் அச்சடிக்கப்பட்டிருந்தது. ஜரிகை ஒரு இழைகூடக் கிடையாது, ஜரிகை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் மை.

தம்பி மகன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். மயில்களில் ஒன்றுக்கு அலகு இல்லை. அடுத்ததன் கழுத்து தோகைக்குள்ளேயே கரைந்து போயிருந்தது. கொசுவம் மடிகிற இடத்தில் கரை மடியவில்லை, வரைகோல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போனது. ஆறாவது வளையல் தோலோடு ஒட்டியிருந்தது. "அத்தை, இந்தப் பொண்ணும் இல்ல, புடவையும் இல்ல, தூணும் இல்ல. எல்லாம் ஏஐ" என்றான்.

புகார் சொல்லப் போனால் சாட்டில் 'நிலா' என்று ஒருத்தி. மரியாதையாகத்தான் பேசினாள். மூன்று முறை ஒரே வாக்கியத்தைச் சொன்னதும் சந்தேகம் வந்து, "நீங்க மனுஷிதானா?" என்று கேட்டேன். "உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று பதில் வந்தது. கடைசியில் பக்கத்தின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினாள்: படங்கள் மாதிரிக்காக மட்டுமே.

முன்பெல்லாம் 'போட்டோவில் நிறம் சற்று மாறலாம்' என்று போடுவார்கள். நிறம் மாறலாம், சரி. புடவையே மாறலாம் என்றால் எப்படி? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். நான் மட்டும்தான் ஏமாளியா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ரசம்சோறு:
எங்கள் பக்கத்து மெஸ் புதிதாக உணவு ஆப்பில் சேர்ந்தது. மீன் குழம்புப் படத்தில் மீனுக்கு இரண்டு வால். ஆர்டர் போட்டேன், ஒரு வாலோடுதான் வந்தது. குழம்பு பிரமாதம், அதனால் புகார் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அந்த அண்ணனிடம் நேரில் போய், "உங்க சட்டியையே போட்டோ எடுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தறிவீடு:
அக்கா, நான் ஆரணிப் பக்கம். வீட்டில் தறி இருக்கிறது, ஆன்லைனிலும் விற்கிறேன். திட்டாமல் படியுங்கள், ஏஐ படம் நானும் போட்டவன்தான்.

எங்கள் கணக்கு இப்படி. ஒரு நாள் ஷூட்டுக்கு மாடல், மேக்கப், கேமராக்காரர் எல்லாம் சேர்த்து எனக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. போதாததற்கு ஒருமுறை பிரித்துக் கட்டிய பட்டுப் புடவையைப் புது மடிப்பு என்று விற்க முடியாது. போன தீபாவளிக்கு ஒரு ஆப் கிடைத்தது. புடவையைத் தரையில் விரித்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தால் அதுவே ஒரு பெண்ணுக்குக் கட்டிவிட்டுவிடும். சில நூறு ரூபாயில் முப்பது புடவைக்குப் படம் ரெடி. சந்தோஷமாகப் போட்டேன்.

இரண்டு வாரத்தில் ஒரு கோர்வைப் புடவை திரும்பி வந்தது. 'கரையும் உடலும் சேரும் இடத்தில் பிசிறு இருக்கிறது, படத்தில் அப்படி இல்லை' என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாடா என்பது குறுக்கிழையைக் கொண்டு ஓடும் கட்டை. கோர்வை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். சேரும் கோட்டில் இழைகள் பல் பல்லாகக் கோத்துக்கொண்டு நிற்கும். கைவேலைக்கு அதுதான் சாட்சி. ஆப் அதை அழுக்கு என்று நினைத்ததோ என்னவோ, வழவழவென்று தேய்த்து எடுத்துவிட்டது. எங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தள்ளிய வேலை, படத்தில் இல்லை!

அன்றிலிருந்து ஒவ்வொரு படத்தின் மேலேயே 'பெண் ஏஐ, புடவை நிஜம்' என்று எழுதுகிறேன். அடுத்த படம், பகல் வெளிச்சத்தில் பாயில் விரித்த அதே புடவை. வியாபாரம் குறையவில்லை. கேள்விகள்தான் கூடியிருக்கின்றன. ஒரு அம்மா போன் போட்டு, "அந்தப் பொண்ணு நிஜம்னு நெனச்சு என் பையனுக்குப் பாக்கலாம்னு இருந்தேன்" என்று சிரித்தார்கள்.

நான் சொல்ல வருவது, வெறுமனே 'ஏஐ' என்று ஒரு முத்திரை குத்தினால் என்னையும் உங்களை ஏமாற்றியவனையும் ஒரே கூடையில் போட்டதாகிவிடும். எது கற்பனை, எது சரக்கு என்று பிரித்து எழுத வைக்க வேண்டும். அது விற்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். வாங்குகிற நீங்கள் மயிலின் அலகை எண்ணிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓலைப்பாய்:
இங்கே புடவை, மீன் என்று போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது, இருபது வருடச் சர்க்கரை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. டிவியில் அடிக்கடி வருகிற ஒரு டாக்டர், அதே முகம், அதே வெள்ளைக் கோட்டு, ஏறக்குறைய அதே குரல். மாத்திரையை நிறுத்துங்கள், இந்தப் பொடியைக் காலை மாலை சாப்பிடுங்கள் என்கிறார். அப்பா 2,400 ரூபாய்க்குப் பொடி வாங்கியதோடு நிற்கவில்லை, மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பதினோரு நாள். தலைசுற்றி உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. சர்க்கரை 340.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அந்த வீடியோவை நிதானமாகக் கேட்டேன். கீழாநெல்லியைக் 'கீலாநெல்லி' என்கிறார். அந்த டாக்டர் டிவியில் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தானே பேசுகிறோம்? அப்பாவுக்கு அது எப்படி உறுத்தும்?

2023 அக்டோபரில் ஹாலிவுட் நடிகர் டாம் ஹாங்க்ஸ், தன் முகத்தை யாரோ ஏஐயில் செய்து பல் மருத்துவத் திட்டத்துக்கு விளம்பரம் ஓடுகிறது, நம்பாதீர்கள் என்று அவரே இன்ஸ்டாகிராமில் எழுதினார். உலகம் முழுக்கச் செய்தியானது. நம் டாக்டரும் மறுப்பு வீடியோ போட்டிருக்கிறார். அப்பா குழுவுக்கு அது வரவே இல்லை. பொய்தான் ஃபார்வேர்டு ஆகிறது.

பணம் போனதற்கு 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குச் சொன்னோம். பணத்தை விடுங்கள். அப்பா இப்போது நிஜ டாக்டர் சொல்வதையும் நம்புவதில்லை. போன வாரம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

குண்டூசி:
எதிர்க்கட்சியாகக் கொஞ்சம் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தின் கடைசியில் 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது' என்று ஒருவர் மூச்சு விடாமல் ஓட்டுவாரே, அதை யார் கேட்கிறார்கள்? ஏஐ முத்திரையும் நாளைக்கு அப்படித்தான் ஆகும்.

எனக்கு நடந்தது உல்டா. நான் கையால் வரைகிறவன். இந்தியன் இங்க், நிப், சார்ட் பேப்பர். வரைந்ததை ஸ்கேன் செய்து, பேப்பரில் இருந்த ஒரு தூசிப் புள்ளியை மென்பொருளில் அழித்துவிட்டு ஒரு தளத்தில் ஏற்றினேன். 'ஏஐ' என்று முத்திரை விழுந்துவிட்டது. படம் வரைந்து தரச் சொல்லிப் பணம் கொடுக்க இருந்தவர் பின்வாங்கிவிட்டார். விரலில் மைக்கறையோடு நின்று கத்தினேன், யாரிடம் நிரூபிப்பது?

நான் தனி ஆள் இல்லை. அது வேறு தளம் என்றாலும் சொல்கிறேன், 2024-ல் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டாவும் நிஜ போட்டோக்கள் மேல் 'ஏஐயால் செய்தது' என்று குத்தி, போட்டோகிராஃபர்கள் சண்டை போட்ட பிறகு அந்த ஜூலையில் வாசகத்தை 'ஏஐ தகவல்' என்று மாற்றியது. இயந்திரம் மோப்பம் பிடித்து முத்திரை குத்துவதை நான் நம்பவில்லை. தறிவீடு அண்ணன் மாதிரி செய்தவனே சொல்வது வேறு விஷயம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

நான்காம்தெரு:
நான் நுகர்வோர் வழக்குகள் பார்ப்பவன். வெண்பூசணி மேடம், முதலில் அந்த 'நிலா' பேசியதை எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அது பாட், அதாவது தானாகப் பதில் சொல்லும் மென்பொருள், அது சொன்னதுதானே என்று கடை தட்டிக்கழிக்கப் பார்க்கும். கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணிக்குத் துக்கக் காரியக் கட்டணச் சலுகை பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டது. பாட் தனி ஆள், அது சொன்னதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிற அளவுக்கு நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் அங்கே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், 800 கனடா டாலருக்குச் சற்று மேல் கொடுக்கச் சொன்னது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்தே, பொருள் விற்கும் நோக்கத்தில் ஒரு பாட் தன்னை மனிதர் என்று நம்பவைத்து ஏமாற்றக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

நம் நாட்டில் என்ன என்று கேட்பீர்கள். தகவல் தொழில்நுட்ப விதிகளில் திருத்தம் வந்து 2026 பிப்ரவரி 20 முதல் நடப்பில் இருக்கிறது. நிஜம் போலத் தோன்றும் ஏஐ படம், வீடியோ, குரல் எல்லாவற்றிலும் தெளிவாகத் தெரியும்படி முத்திரை வேண்டும். பெரிய சமூக ஊடகங்கள் ஏற்றுகிறவரிடமே 'இது ஏஐயா' என்று கேட்டு, அந்தப் பதிலைச் சரிபார்க்கவும் வேண்டும். 2025 அக்டோபர் வரைவில் படத்தின் பரப்பில் 10 சதவீதமாவது முத்திரை இருக்க வேண்டும் என்று இருந்தது. இறுதி விதியில் அந்த அளவை எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது பெரிய இழப்பு இல்லை. ஓலைப்பாய் சொன்ன வீடியோவில் முத்திரை மூலையில் இருந்திருந்தால் வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள், அளவு எதுவாக இருந்தாலும். குண்டூசிக்கு ஒரு ஆறுதல்: நிறம் சரிசெய்வது போன்ற வழக்கமான திருத்தங்களுக்கு விதியில் விலக்கு உண்டு. தூசி தட்டியதற்காக யாரும் உங்களை ஏஐ என்று சொல்லத் தேவையில்லை.

ஓட்டை எங்கே என்றால், இது குரலுக்கும் படத்துக்கும்தான். எழுத்து இதில் வராது. அந்தப் புடவைக்குக் கீழே 'அருமையான ஜரிகை, கல்யாணத்தில் எல்லோரும் கேட்டார்கள்' என்று ஐம்பது ரிவ்யூ இருந்திருக்குமே, அவை இயந்திரம் எழுதியவையா என்று சொல்ல இந்த விதியில் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் ஏஐ எழுதியது உட்படப் போலி ரிவ்யூக்களுக்கு எதிரான எஃப்டிசி (அரசு வர்த்தக ஆணையம்) விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்தது. இங்கே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 'தவறாக வழிநடத்தும் விளம்பரம்' என்ற பிரிவைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அது வலுவான பிடிதான். மாதிரிக்காக மட்டுமே என்று அடியில் எழுதிவிட்டால் மேலே எதையும் காட்டலாம் என்று அர்த்தமில்லை.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது ஒன்று உண்டு. அமேசானின் கிண்டில் பதிப்புப் பிரிவு 2023 செப்டம்பரிலிருந்து, புத்தகத்தில் ஏஐ எழுதிய பகுதி உண்டா என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. வாங்குகிறவருக்கு அதைக் காட்டும்படி வைக்கவில்லை. காட்டுக் காளான் பறிப்பது பற்றி ஏஐ எழுதிய புத்தகங்கள் விற்பனைக்கு வருகின்றன, உயிருக்கே ஆபத்து என்று நியூயார்க் காளான் ஆய்வுச் சங்கம் எச்சரித்ததும் அதே ஆண்டில்தான். தகவல் கையில் இருக்கிறது. சாப்பிடப் போகிறவனிடம் மட்டும் சொல்லவில்லை.

மேடம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். படம் ஒரு பக்கம், வந்த துணி ஒரு பக்கம், இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

ரசம்சோறு:
மெஸ் அண்ணன் படத்தை மாற்றிவிட்டார். இப்போது சட்டி இருக்கிறது, கூடவே அவருடைய கட்டைவிரலும் இருக்கிறது. ஆர்டர் குறைந்ததா என்று கேட்டேன். "வால் பத்தி விசாரிக்கிறவங்க கொறைஞ்சிருக்காங்க" என்றார்.

வெண்பூசணி:
எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஓலைப்பாய் தம்பி, அப்பாவை விட்டுவிடாமல் மாத்திரை கொடுங்கள். உங்கள் கதையைப் படித்த பிறகு என் புடவைக் கதை ஒரு கதையா என்று இருந்தது.

1915-ல் பதிந்தேன். இருபது நாள் கழித்துக் கடையிலிருந்து ஒரு நிஜப் பெண் கூப்பிட்டாள். நிஜம் என்று எப்படித் தெரிந்தது என்றால், பின்னால் குக்கர் விசில் கேட்டது. பணம் திரும்ப வந்துவிட்டது, கூரியர் செலவைக் கழித்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, அலகில்லாத மயிலோடு. மேலே எந்த முத்திரையும் இல்லை. அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நான்காம்தெரு சாருக்கு அனுப்பியிருக்கிறேன்.

வளைகாப்புக்குத் தறிவீடு தம்பியிடமே பச்சை இருக்கிறதா என்று தனியாகக் கேட்டேன். அவர் மாடல் படம் அனுப்பவில்லை. பாயில் விரித்தபடி நான்கு போட்டோ, கோர்வைக் கோட்டை மட்டும் கிட்டத்தில் எடுத்தது ஒன்று. பல் பல்லாகத்தான் இருந்தது. கடைசிப் போட்டோவின் ஓரத்தில் ஒரு கால் விரல், அதில் தேய்ந்த மெட்டி. "மன்னிக்கணும்க்கா, அம்மா குறுக்க வந்துட்டாங்க, வேற எடுத்து அனுப்புறேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பணத்தை அனுப்பினேன்.