மணலியில் ஈரானுக்குப் பங்கு இருந்தால் நமக்கு எண்ணெய் நிற்காதா?

புதுவண்ணை பாலா | 23 ஜூன் 2025, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் வெளியே வரும் குறுகிய கடல் வழியான ஹார்முஸ் நீரிணையை மூடலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் நேற்று தீர்மானம் போட்டதும் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது: "மணலி ரிஃபைனரியில் ஈரானுக்குப் பங்கு உண்டு, அதனால் சென்னைக்கு எண்ணெய் நிற்காது." அப்பா தண்டையார்பேட்டை டெர்மினலில் டேங்கர் லாரி ஓட்டுகிறார். "பங்கு இருக்கிறது உண்மைதான்டா, சின்ன வயசுலயே கேள்விப்பட்டிருக்கேன்" என்கிறார். அம்மாவுக்கு எண்ணெயைப் பற்றிக் கவலையே இல்லை. ரெண்டாவது சிலிண்டரை இன்றைக்கே புக் பண்ணு என்று காலையிலிருந்து ஒரே நச்சரிப்பு.

பங்கு இருப்பது உண்மையா? இருந்தால் அதனால் நமக்குப் பிரயோஜனம் உண்டா? ஹார்முஸ் அடைபட்டால் நம்ம பக்கம் முதலில் எது தட்டுப்படும்? டிவி விவாதம் பார்த்து மண்டை காய்ந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேடு விசைப்படகு | காலை 8.15

எது தட்டுப்படுமோ தெரியாது தம்பி, எனக்கு டீசல் விலைதான் பயம். 14ஆம் தேதிதான் மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. இப்போதுதான் போட் எல்லாம் கடலுக்குப் போகிறது. பல நாள் தங்கிப் பிடிக்கத் தங்கு கடலுக்குப் போனால் செலவில் பெரிய பங்கு டீசலுக்கே போய்விடும். வரியில்லா டீசல் அளவோடுதான், அது தீர்ந்தால் பங்க் விலை. டீசல் ஏறிவிட்டது என்று சொன்னால் ஏலத்தில் எவனும் வஞ்சிரத்துக்குக்கூட விலையை ஏற்றிக் கேட்க மாட்டான்.

பாரதி டாக் பழசு | காலை 9.50

பாலா தம்பி, உங்கப்பா சொல்வது சரி. நான் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் பாரதி டாக்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் (மணலி ரிஃபைனரியின் பழைய பெயர்) ஆரம்பித்தபோது இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. ஈரானை மன்னர் ஷா ஆண்ட காலம், அமெரிக்காவும் ஈரானும் கூட்டாளிகள். 1969இல் ஆலை ஓட ஆரம்பித்ததே ஈரான் கச்சாவை நம்பித்தான். 1979இல் அங்கே புரட்சி வந்தது, 1985இல் அமோகோ பங்கை விற்றுவிட்டுப் போனது. ஈரான் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் நாஃப்டிரான் என்ற ஈரான் கம்பெனியின் பெயரில் 15.4 சதவீதம் இருக்கிறது. பக்கத்து உர ஆலையான மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸிலும் அதே கம்பெனிக்குக் கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே உண்டு. இதை வாட்ஸப்காரர்கள் விட்டுவிட்டார்கள்.

ஆனால் பங்கு வேறு, சரக்கு வேறு. ஈரான் எண்ணெய் மீதான தடையிலிருந்து அமெரிக்கா கொடுத்திருந்த விலக்கு 2019 மே மாதம் முடிந்ததும் இந்தியா ஈரான் எண்ணெய் வாங்குவதையே நிறுத்திவிட்டது. சரக்கைச் சோதிக்கும் சர்வேயர் கப்பல் தொட்டிக்குள் சாம்பிள் பாட்டிலை இறக்கி மேலே தூக்கும்போதே கந்தகம் மிகுந்த வளைகுடாச் சரக்கு என்றால் அழுகிய முட்டை வாடை ஆளைத் தள்ளும். அந்த வாடையில் ஈரான் சரக்கும் ஒரு காலத்தில் உண்டு. இப்போது பங்குதாரர் பட்டியலில் மட்டும்தான் ஈரான்.

சரி, ஹார்முஸ். குறுகலான இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர். கப்பல் போக, வர, தலைக்குச் சுமார் 3 கிலோமீட்டர் அகலத் தடம். உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு இந்த வழியாகத்தான் போகிறது. 1980களில் ஈரானும் இராக்கும் டேங்கர்களைச் சுட்டுக்கொண்ட காலத்திலும் அது முழுசாக அடைபடவில்லை. அடைத்தால் ஈரானின் சொந்த எண்ணெயும் வெளியே போக முடியாதே.

அடைக்கும் முன்பே விலை அடிக்கும், அதுதான் விஷயம். எல்லாரும் இன்சூரன்ஸ் ஏறுகிறது என்று அலறுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் பீப்பாய் ஏற்றிய கப்பல், கப்பலின் மதிப்பு 6 கோடி டாலர் என்று வையுங்கள். போர் அபாய பிரீமியம் அரை சதவீதம் என்றாலும் 3 லட்சம் டாலர், பீப்பாய்க்கு 30 சென்ட். ஆனால் மாத ஆரம்பத்தில் பீப்பாய் 65 டாலர் பக்கம் இருந்த பிரெண்ட் கச்சா விலை இன்று 78 பக்கம் நிற்கிறது. அதே கப்பலுக்கு 1.3 கோடி டாலர் கூடுதல்! ஒரு குண்டும் விழாமல் வெறும் பயத்துக்கு நாம் கட்டும் காசு அது.

கச்சாவுக்காக நான் ரொம்பப் பயப்பட மாட்டேன். 2022க்கு முன்னால் பெயருக்கு இருந்த ரஷ்யச் சரக்கு இன்று இந்தியா வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அது ஹார்முஸ் பக்கமே வராது. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் மூன்று இடத்திலும் பாறைக்குள் குடைந்து 53 லட்சம் டன் சேமிக்க இடம் இருக்கிறது. நிறைந்திருந்தாலும் பத்து நாளைக்குக் கூட முழுசாக வராது, ஆனாலும் கைகொடுக்கும்.

பயம் எதில் என்றால், உங்கம்மா பிடித்துக்கொண்டதில்தான். நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதில் பெரும்பகுதி கத்தார், எமிரேட்ஸ், குவைத், சவுதியிலிருந்து ஹார்முஸ் வழியாகத்தான் வருகிறது. கச்சாவுக்கு ரஷ்யா மாதிரி இதற்கு அவ்வளவு பெரிய மாற்றுக் கடை கிடையாது. நாட்டுக்கு வருஷத்துக்கு 3 கோடி டன்னுக்கு மேல் வேண்டும். விசாகப்பட்டினத்தில் எரிவாயுவுக்கென்று குடைந்த குகையில் 60,000 டன் பிடிக்கும். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்குக் கூடக் காணாது. கச்சாவுக்கு இத்தனை குகை வெட்டியவர்களுக்கு அடுப்பு ஏன் தோன்றவில்லை என்பது என் ரொம்ப நாள் கோபம்.

இன்னொரு கூத்து. மணலி உர ஆலை 2019இலிருந்து எண்ணூர் எல்என்ஜி (கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயு) முனையத்து எரிவாயுவில் ஓடுகிறது. இந்தியாவுக்கு அதிகமாக எல்என்ஜி விற்பது கத்தார், அதன் கப்பல்களும் ஹார்முஸைத் தாண்டித்தான் வர வேண்டும். எண்ணூருக்கு வருவது வேறு நாட்டுச் சரக்காகவே இருந்தாலும் விலை எகிறும். ஈரான் கதவை மூடினால், ஈரானே பங்கு வைத்திருக்கும் ஆலைக்கு அடி!

காசிமேட்டு அண்ணாச்சிக்கு: பங்க் விலை 2024 மார்ச்சில் 2 ரூபாய் குறைத்ததிலிருந்து பெரிதாக அசையவில்லை. கச்சா ஏறினால் முதலில் எண்ணெய் கம்பெனிகள் தாங்கும். எத்தனை நாள் தாங்கும் என்பது டெல்லி முடிவு.

தேரடி தேசபக்தர் | காலை 10.30

இவ்வளவு கணக்கு எதற்கு சார்? நம்ம நேவி உலகத்தரம். நாலு போர்க்கப்பலை அனுப்பி டேங்கர்களைக் கூட்டிக்கொண்டு வந்தால் முடிந்தது.

புதுவண்ணை பாலா | காலை 10.42

பழசு சார், ரொம்ப நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன், உர ஆலை விஷயம் அவருக்கே புதுசு. தேரடி அண்ணன் கேட்பது எனக்கும் சந்தேகம்தான். நேவி போனால் போதாதா?

பாரதி டாக் பழசு | காலை 11.20

நேவி ஏற்கெனவே போயிருக்கிறது தம்பி. 2019 ஜூனில் ஓமான் வளைகுடாவில் டேங்கர்கள் தாக்கப்பட்டதும் 'ஆபரேஷன் சங்கல்ப்' என்று ஆரம்பித்தார்கள். இந்தியக் கொடி பறக்கும் கப்பல்களுக்குத் துணையாகப் போர்க்கப்பல் போகும். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பாரதி டாக்கில் நான் கயிறு கட்டிப் பார்த்த டேங்கர்களின் பின்பக்கத்தில், பதிவு செய்த ஊராக மன்ரோவியா, மஜுரோ, பனாமா என்றுதான் அதிகம் எழுதியிருக்கும். சரக்கு நமது, கொடி லைபீரியாவோ மார்ஷல் தீவுகளோ. அதே 2019 ஜூலையில் ஈரான் பிடித்துக்கொண்டு போன ஸ்டெனா இம்பெரோ டேங்கரில் பறந்தது பிரிட்டிஷ் கொடி. அதில் வேலை பார்த்த 23 பேரில் 18 பேர் நம்ம ஆட்கள். அவர்களை மீட்க டெல்லி தெஹ்ரானோடு பேச வேண்டியிருந்தது, பீரங்கிக்கு அங்கே வேலையில்லை. ஈரானோடு முகம் கொடுத்துப் பேசும் உறவு வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அதற்கும் மணலிப் பங்குக்கும் சம்பந்தமில்லை. போன வருஷம் மே மாதம் ஈரானின் சாபஹார் துறைமுகத்துக்குப் பத்து வருஷ ஒப்பந்தம் போட்டோமே, பேச்சு நடப்பது அந்த மாதிரி இடத்தில்.