ஐபேட் ஆப்: லாகின் முடிந்த பிறகே ஸ்பிளிட் வியூ வர என்ன வழி?

மாங்கூழ்ஆப் (கிருஷ்ணகிரி):
மாங்கூழ் ஆலையின் கொள்முதல் பிரிவுக்கு யூஐகிட்டில் (ஆப்பிளின் திரை அமைக்கும் கருவித்தொகுப்பு) ஐபேட் ஆப், திரையை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட் வியூவோடு. இடப்பக்கம் லோடு கொண்டுவந்த விவசாயிகள் பட்டியல். வலப்பக்கம் ரகம் (பெங்களூரா, அல்போன்சா), எடை, விலை. லாகின் திரையை நேவிகேஷன் கண்ட்ரோலரில் (திரைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது) வைத்து ஸ்பிளிட் வியூவை புஷ் செய்தால் (அடுக்கில் சேர்த்தால்) கிராஷ். ஸ்பிளிட் வியூவின் வியூடிட்லோடில் (வியூ மெமரியில் ஏறியதும் ஓடும் மெத்தட்) லாகினை பிரசென்ட் செய்தால் (மேலே காட்டினால்) எதுவுமே வரவில்லை. வியூடிட்அப்பியரில் (திரை தெரிந்த பிறகு ஓடுவது) வருகிறது, ஆனால் அதற்குள் பட்டியல் பளிச்சென்று தெரிந்து மறைகிறது. விலை யார் கண்ணிலும் படக்கூடாது.

ஓசூர்ஸ்விஃப்ட்:
புஷ் செய்யவே கூடாது, ஸ்பிளிட் வியூ கண்ட்ரோலரை நேவிகேஷன் ஏற்காது. வியூடிட்லோடு ஓடும்போது அந்த வியூ இன்னும் விண்டோவில் ஏறியிருக்காது, அதனால்தான் பிரசென்ட் வேலை செய்யவில்லை. கன்சோலில் எச்சரிக்கை வந்திருக்கும் பாருங்கள்.

லாகினை மேலே மூடுவதை விட்டுவிட்டு, ரூட்டையே, அதாவது விண்டோவின் அடித்தளத் திரையையே, மாற்றுங்கள். சீன்டெலிகேட்டில் (ஆப்பின் விண்டோவை அமைக்கும் இடம்) டோக்கன் (லாகின் ஆனதற்கான அடையாளக் குறி) இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் விண்டோவின் ரூட்வியூகண்ட்ரோலராக லாகினை மட்டும் வையுங்கள். லாகின் வெற்றியானதும்தான் ஸ்பிளிட் வியூவை உருவாக்கி ரூட்டாக்க வேண்டும். யூஐவியூ.டிரான்சிஷனில் விண்டோவைக் கொடுத்து, கிராஸ்டிசால்வ் (ஒன்று மங்க மற்றது தெளிவது), 0.3 நொடி போட்டால் மாற்றம் உறுத்தாது. பட்டியல் அதுவரை உருவாகவே இல்லை என்பதால் பளிச்சிட வழியில்லை.

தகடூரான் (தர்மபுரி):
மேலே சொன்னதுதான் சரியான வழி. லாகவுட்டில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எடைச் சீட்டுப் படிவம் மோடலாக (மற்ற திரைக்கு மேல்) திறந்திருக்கும்போது ரூட்டை மாற்றினால் பழைய திரைகள் மெமரியில் தங்கிவிடும். முதலில் அனிமேஷன் இல்லாமல் டிஸ்மிஸ் (மூடுவது), அது முடிந்ததும் ஓடும் கம்ப்ளீஷனில் ரூட் மாற்றம்.

டோக்கனை யூசர்டிஃபால்ட்ஸில் (ஆப்பின் சாதாரண அமைப்புச் சேமிப்பு) வைக்காதீர்கள், கீசெயினில் (ரகசியங்களுக்கான பாதுகாப்பான சேமிப்பு) வையுங்கள். ஆனால் ஆப்பை அழித்தாலும் கீசெயினில் இருப்பது போகாது. ஐபேட் வேறு ஆள் கைக்கு மாறி, ஆப்பைத் திரும்ப நிறுவினால் பழைய ஆளின் கணக்கிலேயே திறக்கும். அதனால் ஆப்போடு சேர்ந்து அழிந்துவிடும் யூசர்டிஃபால்ட்ஸில் 'முதல் ஓட்டம்' குறி வைத்து, அது இல்லையென்றால் டோக்கனை அழித்துவிடுங்கள்.

இன்னொன்று: ஆப் பின்னணிக்குப் போகும்போது ஐஓஎஸ் திரையைப் படம் பிடித்து ஆப் ஸ்விட்சரில் (திறந்த ஆப்களின் வரிசை) காட்டும். விலை அங்கேயும் தெரியும். ஆப் பின்னணிக்குப் போனதும் ஓடும் சீன்டிட்என்டர்பேக்கிரவுண்டில் ஒரு வெற்று வியூவால் மூடுங்கள்.

மாங்கூழ்ஆப்:
ரூட் மாற்றியதும் பளிச்சிடுவது நின்றுவிட்டது, நன்றி. ஆனால் திரையை வேறு ஆப்போடு பாதியாகப் பிரித்தால் பட்டியலுக்குப் பதில் வெறும் வலப்பக்கம்தான் வருகிறது.

ஓசூர்ஸ்விஃப்ட்:
அகலம் குறைந்ததும் ஸ்பிளிட் வியூ சுருங்கி, வலப்பக்கத்தையே மேலே வைக்கும். ஐஓஎஸ் 14 முதல் உள்ள டபுள்காலம் (இரண்டு பத்தி) ஸ்டைல் என்றால், ஸ்பிளிட் வியூவின் டெலிகேட்டில் டாப்காலம்ஃபார்கொலாப்சிங் மெத்தடில் (சுருங்கும்போது எது மேலே என்று சொல்வது) பிரைமரியை, அதாவது இடப்பக்கப் பட்டியலைத் திருப்பிக் கொடுங்கள். விவசாயி யாரையாவது தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும் செகண்டரி (வலப்பக்கம்).